பூனைக்கு நகம் வெட்டலாமா?

வீட்டில் வளர்க்கும் பூனைக்கு நகம் வெட்டலாமா, கூடாதா?

சின்னக் கேள்விதான். ஆனால் பல வீடுகளில் இதற்காகச் சண்டையே நடக்கிறது.

குழந்தையின் கையைப் பூனை கீறிவிடுகிறது. "இந்தப் பூனையை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்" என்று தாய் கோபப்படுகிறாள். "நகத்தை ஒட்ட வெட்டிவிட்டால் போச்சு" என்று தகப்பனார் பிளேடைத் தேடுகிறார். "ஐயோ, அது வாயில்லாத ஜீவன்! நகம் இல்லாவிட்டால் எப்படிப் பிழைக்கும்?" என்று பாட்டி குறுக்கே வருகிறாள்.

மூன்று பேர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. பாதி தவறும் இருக்கிறது.

எல்லாப் பூனைகளும் ஒரே மாதிரி வாழவில்லை. விழுப்புரம் நகரத்தில் மாடி வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை ஒன்று. திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே வளரும் பூனை இன்னொன்று. இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால், அந்தப் பூனைக்கு நல்லது இந்தப் பூனைக்கு ஆபத்தாக முடியும்.

உறைக்குள் கத்தி

நாய் நடந்தால் சிமெண்டுத் தரையில் "டக், டக்" என்று நகச்சத்தம் கேட்கும். பூனை நடந்தால் சத்தமே கேட்காது.

காரணம் என்ன? நாயின் நகம் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பூனையின் நகம் அப்படி அல்ல. சும்மா இருக்கும்போது அது விரலுக்குள் மடங்கிக் கிடக்கும். உறைக்குள் கத்தி இருப்பது போல! வேண்டும்போது தசையை இறுக்கினால் நகம் வெளியே வரும். வேலை முடிந்ததும் உள்ளே போய்விடும்.

பூனைக்குச் சாதாரணமாக 18 நகங்கள் உண்டு. முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து. பின்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு. முன்னங்காலில் ஒரு நகம் மட்டும் சற்று மேலே, கட்டைவிரல் போல ஒதுங்கி நிற்கும். அது தரையில் படாது.

மனிதனின் நகம் விரல்நுனியில் தோலின் மேல் வளர்வது. பூனையின் நகமோ விரலின் கடைசி எலும்பிலிருந்தே முளைக்கிறது. நகத்தின் அடிப்பகுதிக்குள் ரத்தக் குழாய் ஓடுகிறது. நரம்பும் இருக்கிறது. வெளிச்சத்தில் பார்த்தால் அந்தப் பகுதி இளஞ்சிவப்பாகத் தெரியும். நுனி மட்டும்தான் உயிரில்லாத பகுதி. அங்கே வெட்டினால் வலிக்காது. சிவப்புப் பகுதியில் வெட்டினால் ரத்தம் கொட்டும். பூனை அலறும்.

பூனை நாற்காலியைப் பிறாண்டுவதும், பாயைக் கிழிப்பதும் குறும்பு என்று நினைக்கிறோம். அது குறும்பு அல்ல. வெங்காயத்தின் தோல் போல, பூனை நகத்தின் மேல் பழைய ஓடு ஒன்று இருக்கும். பிறாண்டினால் அந்த ஓடு கழன்று விழும். உள்ளே இருந்து புது நகம் கூர்மையாக வெளிவரும். வீட்டைப் பெருக்கும்போது பிறைநிலா வடிவத்தில் சிறு ஓடுகள் கிடைப்பதைச் சிலர் பார்த்திருப்பார்கள். "பூனைக்கு நகம் பிய்ந்துவிட்டது" என்று பயந்திருப்பார்கள். பயப்பட வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பூனையின் பாதத்தில் வாசனை சுரக்கிறது. பிறாண்டிய இடத்தில் அந்த வாசனை ஒட்டிக்கொள்ளும். "இது என் இடம்" என்று மற்றப் பூனைகளுக்கு எழுதிவைக்கும் பலகை அது! மனிதனின் மூக்குக்கு அது எட்டாது.

மல்லாட்டை வீட்டுப் பூனை

நிலக்கடலையை இந்தப் பக்கத்து ஜனங்கள் மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்பது பேச்சில் திரிந்து மல்லாட்டை ஆயிற்று. திண்டிவனத்துக்கும் மல்லாட்டைக்கும் உள்ள உறவு பெரியது. அங்கே எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான கடலை ரகங்களின் பெயர் "டி.எம்.வி." என்று தொடங்கும். அந்த எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை.

மல்லாட்டை மூட்டை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். நெல் இருக்கும் இடத்திலும் எலி இருக்கும். எலி இருக்கும் வீட்டில்தான் பூனைக்கு மரியாதை.

இந்த உறவு இன்று நேற்று வந்தது அல்ல. மனிதன் பயிர் செய்து தானியத்தைச் சேர்த்துவைக்கத் தொடங்கியபோதே எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப் பூனை வந்தது. அதை மனிதன் விரட்டவில்லை. அதுவே வீட்டுப் பூனையாகிவிட்டது. மத்தியதரைக் கடலில் சைப்ரஸ் என்ற தீவு இருக்கிறது. அங்கே மனிதனுடன் சேர்த்துப் புதைக்கப்பட்ட பூனை ஒன்றின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார்கள். அது சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தியது. 2004-ம் ஆண்டில் இந்தச் செய்தி வெளியானது.

நம் நாட்டில் பூனையைக் கல்லிலேயே செதுக்கிவைத்திருக்கிறார்கள். செங்கற்பட்டிலிருந்து கிழக்கே போனால் மாமல்லபுரம். அங்கே "அர்ச்சுனன் தபசு" என்ற பெரிய பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை இருக்கிறது. பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. காலடியில் எலிகள் நிற்கின்றன! பல்லவர் காலத்துச் சிற்பியின் நையாண்டியைப் பாருங்கள். அந்தப் பூனையின் கை கீழே இறங்கினால் எலிகளின் கதி என்ன?

எலி பிடிக்கும் பூனைக்கு நகம்தான் ஆயுதம். எலியைப் பாய்ந்து அமுக்குவது முன்னங்கால் நகம். பிறகுதான் பல்லுக்கு வேலை. நகத்தை வெட்டிவிட்டால் எலி நழுவிப் போய்விடும்.

அது மட்டும் அல்ல. வெளியே சுற்றும் பூனையைத் தெருநாய் துரத்தும். அப்போது பூனைக்கு இருக்கும் ஒரே வழி, மரத்தில் ஏறுவது. திண்டிவனம் என்ற பெயருக்கே புளியங்காடு என்று பொருள் சொல்வார்கள். புளியமரத்தின் சொரசொரப்பான பட்டையில் நகத்தைக் கொக்கி போல மாட்டிப் பூனை ஒரே மூச்சில் ஏறிவிடும். நகம் மழுங்கி இருந்தால் கால் வழுக்கும். ஒரு வழுக்கல் போதும். கீழே நாய் காத்திருக்கிறது.

(பூனை ஏறுவது சுலபம், இறங்குவதுதான் கஷ்டம். நகம் ஒரு பக்கமாக வளைந்திருப்பதால் தலைகீழாக இறங்கினால் பிடி கிடைக்காது. பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். அது தெரியாத குட்டிகள்தாம் மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு ஊரைக் கூட்டுகின்றன.)

ஆகவே தோட்டம், களம், கிடங்கு என்று சுற்றும் பூனையின் நகத்தைத் தொட வேண்டாம். அது மரத்தில் பிறாண்டித் தன் நகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். இந்த விஷயத்தில் பாட்டி சொல்வதுதான் சரி.

மாடி வீட்டுப் பூனை

இன்று நகரங்களில் வேறு விதமான பூனைகள் வந்துவிட்டன. விலை கொடுத்து வாங்கிய பூனை. நீண்ட ரோமம் உள்ள பாரசீகப் பூனை. அது தெருவைப் பார்ப்பதே ஜன்னல் வழியாகத்தான். எலி பிடிப்பதில்லை. மரம் ஏறுவதில்லை. வேளைக்குச் சாப்பாடு தட்டில் வருகிறது.

இப்படிப்பட்ட பூனைக்கு நகத்தின் நுனியை வெட்டிவிடலாம். வெட்டுவது நல்லதுங்கூட.

திரைச்சீலையிலும் மெத்தையிலும் கூரிய நகம் மாட்டிக்கொள்ளும். பூனை இழுக்கும்போது நகம் பிய்ந்துபோவதும் உண்டு. வீட்டில் கைக்குழந்தை இருந்தால், விளையாட்டாகப் பூனை கையை வீசினாலும் கண்ணில் படலாம். வயதானவர்களின் தோல் மெல்லியது. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குச் சின்னக் கீறலும் ஆறத் தாமதமாகும்.

கிழப் பூனையின் விஷயம் இன்னும் முக்கியம். வயதான பூனை அதிகமாகப் பிறாண்டுவதில்லை. பழைய ஓடு கழலாமல் நகம் தடித்துப்போகும். வளைந்து வளைந்து கடைசியில் பாதத்தின் சதையிலேயே குத்திக்கொள்ளும். சீழ் பிடிக்கும். பூனை நொண்டும். தரையில் படாத அந்தக் கட்டைவிரல் நகத்தில்தான் இது சாதாரணமாக நடக்கிறது. கிழப் பூனை நடக்கும்போது நாயைப் போல "டக், டக்" என்று சத்தம் கேட்டால் உடனே காலைத் தூக்கிப் பாருங்கள். இந்தப் பூனைக்கு நகம் வெட்டாமல் இருப்பதுதான் பாவம்.

வெட்டுவது எப்படி?

பிளேடு கூடாது. அரிவாள்மணை கூடாது. தையல் கத்தரிக்கோலும் வேண்டாம். பூனைக்கென்றே சிறிய நகவெட்டி விற்கிறார்கள். அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

பூனை சாப்பிட்டுவிட்டுச் சோம்பலாகப் படுத்திருக்கும் நேரம் பாருங்கள். மடியில் வைத்துக்கொள்ளுங்கள். விரலின் மேலும் கீழும் மெதுவாக அழுத்தினால் நகம் தானே வெளியே வரும். நல்ல வெளிச்சத்தில் சிவப்புப் பகுதி எங்கே முடிகிறது என்று பாருங்கள். அதற்கு முன்னாலேயே நிறுத்தி, கூரான நுனியை மட்டும் வெட்டுங்கள். எள்ளளவு வெட்டினால் போதும். சந்தேகமாக இருந்தால் இன்னும் குறைவாக வெட்டுங்கள்.

18 நகத்தையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இன்று இரண்டு, நாளை இரண்டு என்று வெட்டலாம். பூனை வாலை ஆட்டத் தொடங்கினால், காதை மடக்கினால், விட்டுவிடுங்கள். அதற்குக் கோபம் வந்துவிட்டது என்று பொருள். நான்கு பேர் பிடித்து அமுக்கி வெட்டினால், அடுத்த தடவை நகவெட்டியைக் கண்டாலே பூனை பீரோவுக்கு மேல் ஏறிவிடும்.

குட்டியாக இருக்கும்போதே காலைத் தொட்டுத் தொட்டுப் பழக்கினால் இந்தத் தொந்தரவு இராது. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை வெட்டினால் போதும்.

கை தவறி ரத்தம் வந்துவிட்டால் பதற வேண்டாம். சுத்தமான துணியால் சில நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். சோளமாவைத் தொட்டு வைத்தாலும் ரத்தம் கட்டும். நிற்காவிட்டால் கால்நடை டாக்டரிடம் போக வேண்டும்.

நகம் வெட்டினாலும் பூனை பிறாண்டத்தான் செய்யும். அதற்கு ஓர் இடம் கொடுக்க வேண்டும். கடையில் விலை உயர்ந்த கம்பம் வாங்க வேண்டியதில்லை. ஒரு கட்டையில் தென்னங்கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, ஆடாமல் நிறுத்திவையுங்கள். பழைய சாக்கைப் பலகையில் ஆணி அடித்துக் கட்டினாலும் சரி. பூனை தூங்கி எழுந்ததும் சோம்பல் முறித்துப் பிறாண்டும். அதனால் அது தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது.

நகத்தைப் பிடுங்கும் கொடுமை

வெளிநாடுகளில் ஒரு பழக்கம் இருந்தது. சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பூனை இனிமேல் பிறாண்டவே கூடாது என்று ஆபரேஷன் செய்து நகத்தையே எடுத்துவிடுகிறார்கள்!

"நகத்தைத்தானே எடுக்கிறார்கள்" என்று நினைக்கக் கூடாது. நகம் எலும்பிலிருந்து முளைப்பதால், எலும்போடு சேர்த்துத்தான் எடுக்க முடியும். ஒவ்வொரு விரலிலும் கடைசிக் கணுவை வெட்டுகிறார்கள். மனிதனுக்குப் பத்து விரலிலும் நுனிக் கணுவை வெட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அதுவும். அதன் பிறகு பூனை நடப்பதே மாறிப்போகிறது. வலி நீண்ட நாள் நிற்பதும் உண்டு. நகம் போனதால் கடிக்கத் தொடங்கும் பூனைகளும் உண்டு. நாற்காலியைக் காப்பாற்றப் போய்க் கடி வாங்கிய கதை!

அமெரிக்காவில் இந்த ஆபரேஷன் மிகவும் பரவியிருந்தது. அங்கேயே எதிர்ப்பு கிளம்பியது. 2003-ம் ஆண்டில் கலிபோர்னியாவில் உள்ள மேற்கு ஹாலிவுட் நகரம் இதற்குத் தடை விதித்தது. 2019-ம் ஆண்டில் நியூயார்க் மாநிலம் முழுவதும் தடை வந்தது. மாநிலம் முழுவதற்கும் தடை விதித்ததில் அமெரிக்காவில் அதுதான் முதல். மீறினால் 1,000 டாலர் வரை அபராதம். இஸ்ரேல் நாடு 2011-ம் ஆண்டிலேயே தடுத்துவிட்டது. இங்கிலாந்திலும் இது கூடாது.

நம் நாட்டில் 1960-ம் ஆண்டில் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பாடுபட்டவர் கலாசேத்திராவை நிறுவிய ருக்மிணிதேவி அருண்டேல். பரதநாட்டியத்தால் உலகப் புகழ் பெற்ற அந்த அம்மையார், 1952-ம் ஆண்டில் ராஜ்ய சபை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். வாயில்லாத ஜீவன்களுக்காக அங்கே தனி மசோதா கொண்டுவந்தார். கடைசியில் அரசாங்கமே சட்டம் செய்தது. அந்தச் சட்டத்தின்படி 1962-ம் ஆண்டில் பிராணிகள் நல வாரியம் அமைந்தது. அதன் முதல் தலைவரும் அவர்தான்.

பிராணியின் உறுப்பைச் சிதைப்பது அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றம். ஆனால் பூனை நகம் என்று பெயர் சொல்லி அதில் எழுதவில்லை. முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டத்தில் எழுதிய அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அன்று 50 ரூபாய் பெரிய தொகை. இன்று அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் காணாது!

வெளிநாட்டுப் பூனையோடு வெளிநாட்டுப் பழக்கமும் வந்துவிடக் கூடாது. பூனையின் நகத்தை எலும்போடு எடுப்பது குற்றம் என்று சட்டத்திலேயே பளிச்சென்று எழுதிவிட வேண்டும். நோய்க்காக, கட்டிக்காக டாக்டர் ஆபரேஷன் செய்வது வேறு விஷயம். அதை யாரும் தடுக்கவில்லை.

கீறினால் என்ன செய்வது?

நகம் வெட்டினால் கீறல் குறையும். ஆனால் கீறலால் வரும் அபாயம் நீங்கிவிடாது. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

வெறிநோய் நாயினால் மட்டும் வரும் என்று எண்ணுகிறார்கள். பூனைக்கும் வெறிநோய் வரும். அந்தக் கிருமி எச்சிலில் இருக்கிறது. பூனை தன் காலை ஓயாமல் நக்கும். எச்சில் நகத்தில் ஒட்டும். ஆகவே கடித்தால்தான் அபாயம், கீறினால் ஒன்றும் இல்லை என்று சொல்லக் கூடாது. வெறிநோய் மனிதனுக்கு முற்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அபூர்வம்.

பூனை கீறிய உடனே காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித் தூள், மஞ்சள் எதையும் அப்ப வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஊசி தேவையா, எத்தனை என்று அவர் சொல்வார். அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்த ஊசிக்குக் காசு இல்லை.

"தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி" என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். அது பழைய கதை. நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-ம் ஆண்டில் தொடங்கியது. வெகு காலம் இந்தியாவில் அந்தப் பழைய மருந்தைத்தான் வயிற்றில் போட்டார்கள். இப்போது அது கிடையாது. கையில்தான் ஊசி. சில ஊசிகளோடு முடிந்துவிடும். அந்தப் பழைய பயத்தினால் கீறலை மறைத்துவைக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். "பூனை கீறினால் அடிக்க மாட்டோம், வந்து சொல்" என்று குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பூனைக் கீறல் காய்ச்சல் என்று இன்னொரு நோயும் உண்டு. பிரெஞ்சு டாக்டர் ராபர்ட் தெப்ரே 1950-ம் ஆண்டில் அதை விளக்கி எழுதினார். கீறி ஒன்றிரண்டு வாரம் கழித்து அக்குளில் நெறி கட்டும். காய்ச்சல் அடிக்கும். பூனையின் உடம்பில் உள்ள தெள்ளுப்பூச்சிதான் இந்தக் கிருமியைப் பரப்புகிறது. பூச்சியின் கழிவு நகத்தில் ஒட்டி, கீறும்போது நம் தோலுக்குள் போகிறது. பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஆனாலும் டாக்டரிடம் காட்டும்போது, வீட்டில் பூனை இருப்பதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

பூனைக்கும் ஊசி உண்டு. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பு ஊசி போட வேண்டும். பிறகு டாக்டர் சொல்லும் காலத்தில் மறுபடியும் போட வேண்டும். மல்லாட்டை வீட்டுப் பூனைக்கும் இது வேண்டும். மாடி வீட்டுப் பூனைக்கும் வேண்டும்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரி இருக்கிறது. மாடு, ஆடு, கோழிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பூனையைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு போகாமல், மூடி உள்ள கூடையில் பழைய துணி விரித்துக் கொண்டுபோங்கள். ஊசி போட்டு முடிந்ததும், நகத்தை எதுவரை வெட்டலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு நகத்தை அவரையே வெட்டிக்காட்டச் சொல்லுங்கள். மீதி 17 நகத்தை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.